உயரக் கோபுரத்திலிருந்து இரவு நகரம்: எத்தனை மணிக்கு ஏறுவது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 6

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு பெருநகரத்துக்குப் போகிறோம். அங்கிருக்கும் வானுயரக் கட்டடத்தின் பார்வையாளர் தளத்துக்கு ஒருமுறைதான் ஏற முடியும், டிக்கெட் விலை அப்படி. பகலில் போகலாமா, இரவிலா? இரவில் வெறும் விளக்குப் புள்ளிகள்தானே, ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும் என்கிறார் என் கணவர்.

பிப்ரவரி 6, இரவு

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. நன்றாக இருட்டிய பிறகு லிஃப்டில் ஏறி, கதவு திறந்ததும் கண்ணாடி ஓரம் போய் நின்றால், முதலில் வாய் பிளப்போம். அடுத்து போட்டோ எடுப்போம். அதற்கடுத்து செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எது ஆறு, எது ரயில் பாதை, நாம் தங்கியிருக்கும் பக்கம் எது என்று எதுவும் தெரியாமல் வெறும் வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் அலுக்கத்தான் செய்யும்.

ஆனால் அதற்குப் பகல் டிக்கெட் தீர்வில்லை. சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது மேலே இருங்கள். இருட்டிய பிறகும் ஒரு மணி நேரமாவது இறங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஆறு எங்கே வளைகிறது, பெரிய சாலைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, பூங்கா எங்கே என்று மனத்தில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த வரைபடம் உங்கள் கண்ணெதிரே அழிந்து, அதே இடத்தில் இன்னொன்று வரும். இரவுக் காட்சிக்குப் பொருள் தருவது அதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம்தான்.

பிப்ரவரி 6, இன்னும் இரவு

விட்டுப்போன ஒன்று. சூரியன் மறைந்த உடனே கிளம்பிவிடுகிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. அவர்களைப் போக விடுங்கள், கண்ணாடி ஓரம் இடம் கிடைக்கும். மறைந்து கால் மணி நேரம் கழித்துத்தான் சமாசாரமே ஆரம்பிக்கிறது. வானம் கருநீலமாக இருக்கும், கட்டடங்களின் விளிம்பு இன்னும் தெரியும், விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். வானத்தின் வெளிச்சமும் நகரத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாகிற நேரம் அது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி 20, 25 நிமிடங்களில் முடிந்துவிடும். வடக்கே போகப் போக அது நீளும். கோடைக்காலத்து வட ஐரோப்பாவில் பத்து மணிக்கும் வானம் கறுக்காது; அங்கே "இரவு டிக்கெட்" வாங்குகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் அன்றைய சூரிய மறைவு நேரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

பிப்ரவரி 7

மேலே இருப்பவர்களுக்குச் சூரியன் தாமதமாகத்தான் மறைகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். சில நிமிடங்கள்தான், ஆனால் மெய்யான நிமிடங்கள். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் இது மதம் சார்ந்த கேள்வியாகவே வந்தது. 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் பொறுத்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்கே அறிவித்தார்கள். ஒரே கட்டடம், மூன்று அந்தி.

கீழே தெருவில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும், உங்கள் முகத்தில் வெயில் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே நான் மேற்கு ஓரத்தை விட்டுக் கிழக்கு ஓரத்துக்குப் போய்விடுவேன். எல்லோரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிர்ப்பக்கம் நிழல் தரையிலிருந்து கட்டடங்களின் மேல் மாடி மாடியாக ஏறுவதைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் கூட்டமே இருக்காது.

பிப்ரவரி 8

"எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது, எனவே உச்சித் தளத்துக்கே டிக்கெட் வாங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை.

அடிவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். 100 மீட்டரிலிருந்து சுமார் 36 கி.மீ. நான்கு மடங்கு உயர்ந்து 400 மீட்டருக்குப் போனால் இரண்டு மடங்குதான், 71 கி.மீ. புர்ஜ் கலீஃபாவின் 124ஆம் மாடித் தளம் சுமார் 452 மீட்டர். 148ஆம் மாடி 555 மீட்டர். நூறு மீட்டர் கூடுதலாக ஏறினால் அடிவானம் 76இலிருந்து 84 கி.மீ. ஆகிறது. அந்த எட்டு கிலோமீட்டரையும் பெரும்பாலான இரவுகளில் புழுதியும் ஈரப்பதமும் விழுங்கிவிடும்.

இழப்பு இன்னொரு பக்கம். 250, 300 மீட்டரில் பேருந்து பேருந்தாகத் தெரியும், சிக்னல் மாறுவது தெரியும், எதிர்க் கட்டடத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதுகூடத் தெரியும். 500 மீட்டருக்கு மேல் நகரம் வரைபடமாகிவிடுகிறது. வரைபடம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்காக வரிசையில் நிற்க மாட்டேன்.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

இதே காரணத்துக்காக இன்னொன்று: ஊரிலேயே புகழ்பெற்ற கோபுரத்தில் ஏறினால், அந்தக் கோபுரம் மட்டும் காட்சியில் இருக்காது. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ராக்ஃபெல்லர் மையத்தின் 70ஆம் மாடிக்குப் போக வேண்டும். தெற்கே திரும்பினால் எம்பயர் ஸ்டேட், வடக்கே திரும்பினால் சென்ட்ரல் பார்க். பாரிஸில் ஈஃபில் கோபுரத்தில் ஏறி நின்றுகொண்டு, இருட்டிய பின் மணிக்கு ஒருமுறை அது ஐந்து நிமிடம் மினுமினுப்பதை எப்படிப் பார்ப்பீர்கள்?

பிப்ரவரி 10

கண்ணாடி. இதைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் இரவுக் காட்சியைக் கெடுப்பதில் பத்துக்கு எட்டுப் பங்கு இதுதான்.

கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஒற்றைத் தகட்டுக்கு இரண்டு பரப்பு, இரட்டைத் தகட்டுக்கு நான்கு. பகலில் இது கண்ணில் படாது, வெளியே வெளிச்சம் அவ்வளவு அதிகம். இருட்டியதும் நிலைமை தலைகீழ். உள்ளே எரியும் விளக்கின் ஒரு சிறு பங்கு திரும்பி வந்தாலே, வெளியே பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவிளக்குகளை அது அமுக்கிவிடும்.

ஒரு தளத்தில் நான் பார்த்தது: வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகை, எழுத்துகள் இடம் வலமாக மாறி, நகரத்துக்கு மேலே வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் ஒன்றில்லை. இரட்டைத் தகடு என்பதால் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் விலகி இரண்டு பலகைகள். பலகையில் ஓடும் மனிதன் இரண்டு முறை ஆற்றின்மேல் ஓடிக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், முன்னால் வந்து போன குழந்தைகளின் நெற்றித் தடங்கள். ஒவ்வொரு எண்ணெய்த் தடத்துக்குள்ளும் நினைவுப்பொருள் கடையின் விளக்கு சிதறிப் பால்போல் பரவியிருந்தது. நகரம் அதற்கெல்லாம் பின்னால் எங்கோ இருந்தது.

ஆகவே டிக்கெட் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனையாவது மாடி என்பதில்லை, திறந்தவெளித் தளம் இருக்கிறதா என்பதுதான். எம்பயர் ஸ்டேட்டின் 86ஆம் மாடி 1931இல் திறந்ததிலிருந்து இன்றுவரை வெளியே காற்றில் நிற்கிற தளம்தான், சுமார் 320 மீட்டர். அதற்கு மேலே 102ஆம் மாடியில் கண்ணாடிக்குள் நிற்கலாம். இரவென்றால் நான் 86க்குத்தான் போவேன்.

பிப்ரவரி 10

திறந்தவெளியில் இன்னொரு லாபம், சத்தம். நகரத்தின் இரைச்சல் மேலே வரும்போது ஒரே முழக்கமாகிவிடுகிறது. அதில் ஆம்புலன்ஸ் ஒலி மட்டும் தனியாகப் பிரிந்து வரும். சத்தம் எங்கிருந்து என்று தேடிச் சிவப்பு நீல மினுக்கலைக் கண்டுபிடிக்க, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போட்டி போட்டார்கள். கண்ணாடிக்குள் நின்றால் கேட்பது குளிரூட்டியின் ஓசையும் யாரோ ஒருவர் வீடியோ அழைப்பில் கத்துவதும்தான்.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "எல்லாம் சரி, விளக்கு எரிகிறது. அதில் என்னதான் பார்ப்பது?"

விளக்கில்லாத இடங்களைப் பாருங்கள்.

வெளிச்சம் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது இருட்டு. சிகாகோவின் வில்லிஸ் கோபுரத்தில், 103ஆம் மாடியில் நின்றால், மேற்கே கட்டம் கட்டமாக அடிவானம்வரை விளக்குகள். கிழக்கே திரும்பினால் நகரம் கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும், அப்பால் ஒன்றுமே இல்லை. அது மிச்சிகன் ஏரி. அந்த ஊர் ஏன் அங்கே உருவானது, ஏன் ஒரு பக்கமாக மட்டும் பரந்தது என்பதற்கு அந்தக் கறுப்பே விடை. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் ஏறக்குறைய 4 கி.மீ. நீளமுள்ள ஒரு கறுப்புச் செவ்வகம். உள்ளே விளக்குகள் இருந்தாலும் சுற்றியுள்ள பிரகாசத்தில் அவை எடுபடாது. டோக்கியோவின் நட்டநடுவில் ஒரு பெரிய இருட்டு இருக்கிறது. நிலத்துக்குப் பொன்விலை கொடுக்கும் இடத்தில் இப்படி ஒரு காலியிடமா என்று திகைப்போம். பேரரசரின் அரண்மனை வளாகம் அது.

விமான நிலையம் பளபளவென்று இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடுகிறவர்களுக்கு அது அகப்படாது. முனையக் கட்டடத்தைத் தவிர மற்றதெல்லாம் பெரிய இருண்ட பரப்பு. அதன் ஓரங்களில் நீல நிறச் சிறு விளக்குகள், விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதைகளைக் காட்ட. நிலையத்தைக் கண்டுபிடிக்க வானத்தைப் பார்க்க வேண்டும். இறங்க வரும் விமானங்கள் உங்களை நோக்கி வந்தால் அவற்றின் முன்விளக்குகள் அசையாமல் ஒரே கோட்டில் தொங்கும். அந்தக் கோடு எங்கே தரையைத் தொடுகிறதோ, அதுதான் ஓடுபாதை.

இந்த இருட்டுகளை அடையாளம் காணத்தான் வெளிச்சம் இருக்கும்போதே ஏறச் சொன்னேன். ஆறு என்று முன்பே தெரிந்தால்தான், வளைந்து போகும் கறுப்புப் பட்டை ஆறாகும். தெரியாவிட்டால் அது வெறும் இடைவெளி.

பிப்ரவரி 14

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், இருட்டைப் பார்க்க எதற்கு லிஃப்ட், வீட்டில் விளக்கை அணைத்தால் போதாதா என்கிறார். மின்சாரக் கட்டணமும் மிச்சம். ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14, மாலை

ஆனால் இருட்டுக்காக மட்டும் வாதாடியதில் விளக்குகளுக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது. நகரம் இரவில் நின்றிருப்பதில்லை. அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே பாருங்கள். எட்டு மணிக்கு அங்குமிங்குமாக எரியும். பிறகு ஒரு மாடி முழுக்க எரியும், சற்று நேரத்தில் அணையும், அடுத்த மாடி எரியும். துப்புரவுப் பணியாளர்கள் ஒவ்வொரு மாடியாகப் போகிறார்கள். கீழே நெரிசலான சாலையில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. எந்தப் பக்கம் அடர்த்தி என்பதை வைத்து ஊர் வீடு திரும்புகிறதா, வெளியே கிளம்புகிறதா என்று சொல்லிவிடலாம். நீளமான நேர்ச்சாலைகளில் சிக்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாவதை மேலிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும். வண்டிக்குள் இருப்பவருக்கு அது அதிர்ஷ்டம் என்று தோன்றும்.

தூரத்து விளக்குகள் துடிப்பதையும் கவனியுங்கள். அருகிலிருப்பவை அசையாமல் எரியும், பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருப்பவை நடுங்கும். இடையிலுள்ள வெப்பக் காற்றின் வேலை. நட்சத்திரங்கள் மின்னுவதற்கும் அதே காரணம்தான். மின்னும் நட்சத்திரம் மேலே தெரியாத ஊரில் கீழேயாவது மின்னட்டும்.

பிப்ரவரி 17

பழைய பயணங்களின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரி இடம், ஒரே மாதிரி நேரம், நிறம் மட்டும் வேறு. முன்பெல்லாம் பெருநகரங்கள் இரவில் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. உயர் அழுத்தச் சோடியம் விளக்குகளின் காலம் அது. மேலிருந்து பார்த்தால் தணலைக் கொட்டிப் பரப்பியது போலிருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் 2009இல் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றத் தொடங்கியது. முதல் கட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 விளக்குகள். சிகாகோ 2017இல் தொடங்கியது. மற்ற ஊர்களும் அதே வழியில். இப்போது எல்லாம் வெள்ளை.

எனக்கு அந்த ஆரஞ்சு பிடிக்கும். மின்சாரம் மிச்சமாகிறது, தெருவில் நடப்பவருக்கு நிறங்கள் சரியாகத் தெரிகின்றன, எனவே முறையிட வழியில்லை. ஆனால் முன்பு பெரிய சாலைகள் ஒரு நிறம், வீடுகள் ஒரு நிறம் என்று பிரித்துப் படிக்க முடிந்தது. அது இப்போது கஷ்டம். இன்னும் பாதி மாறாத ஊர் ஏதாவது கிடைத்தால் பாருங்கள். வெள்ளைப் பேட்டையும் ஆரஞ்சுப் பேட்டையும் ஒட்டி நிற்கும், நகராட்சியின் பணம் எந்தத் தெருவரை வந்து தீர்ந்தது என்று நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 18

படம் எடுப்பது பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவையுங்கள், சுற்றிலும் கறுப்புத் துணியோ ஜாக்கெட்டோ போட்டு மூடுங்கள். பல இடங்களில் டிரைபாடுக்கு அனுமதி இல்லை. கம்பியிலோ விளிம்பிலோ அழுத்திப் பிடியுங்கள். ஃபிளாஷை அணையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிரதிபலிப்பை நீக்கும் என்று போலரைசர் வடிகட்டி வாங்குகிறார்கள். அது கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் முழுமையாக வேலை செய்யும், கண்ணாடியை நேராகப் பார்க்கும் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி விலகி. நேராகப் பார்த்தால் பயனில்லை, உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைப்பதுதான் மிச்சம்.

பிப்ரவரி 18

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் படங்களில் எல்லாம் அவரே நகரத்தின்மேல் ஆவியாக நிற்பார்.

பிப்ரவரி 21

உயர பயம் உள்ளவர்கள் இரவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் தங்கை பகலில் கண்ணாடித் தரையில் கால் வைக்கவே மறுத்தவள். இரவில் தயங்காமல் நின்றாள். கீழே தரை என்று ஒன்று தெளிவாகத் தெரியாதபோது ஆழத்தை அளக்கக் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. எல்லோருக்கும் இப்படியா என்றால், இல்லை. அவள் கணவருக்கு நேர்மாறு, கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததே பயம் என்றார். லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நின்று எல்லோருடைய பைகளையும் காத்தார்.

கட்டடம் ஆடுமா என்று கேட்டால், ஆடும், ஆட வேண்டும். தைப்பே 101இல் அதைக் கட்டுப்படுத்த 660 டன் எடையுள்ள எஃகு உருண்டை உள்ளே தொங்குகிறது, பார்வையாளர்கள் அருகில் போய்ப் பார்க்கலாம். 2015 ஆகஸ்டில் வந்த சௌடெலோர் சூறாவளியில் அது ஒரு மீட்டர் அளவுக்கு ஊசலாடியது. சாதாரண இரவில் உங்களுக்கு எதுவும் தெரியாது. லிஃப்டில் காது அடைப்பதுதான் பெரிய தொல்லை. நூறு மீட்டருக்குச் சுமார் 12 மில்லிபார் வீதம் காற்றழுத்தம் குறைகிறது. எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். குழந்தைகளுக்கு மிட்டாய்.

பிப்ரவரி 24

பறவைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். வலசை போகும் பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன, வெளிச்சம் அவற்றைக் குழப்புகிறது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானை நோக்கிப் பாய்ச்சும் ஒளித்தூண்களை ஆராய்ந்து 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. ஏழு ஆண்டுகளின் நினைவிரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் திசை மாறியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் அவை கலைந்து தம் வழியில் போய்விட்டன.

இதைப் படித்த பிறகு, பறவைகளுக்காக உச்சி விளக்குகளை அணைத்த கோபுரத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இல்லை. விளக்கு ஏன் எரியவில்லை என்று டிக்கெட் கொடுப்பவரிடம் சண்டை போடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

மார்ச் 1

வானிலை. முந்தைய நாளே போய் டிக்கெட் வாங்கி வைப்பதா, அன்றே வாங்குவதா என்று இங்கே ஒரு சண்டை நடக்கிறது. மேகம் தளத்தைவிடக் கீழே இறங்கிவிட்டால் நீங்கள் பார்க்கப்போவது சாம்பல் நிறச் சுவர். ஒருமுறை அப்படி ஒரு சுவரை முழு விலை கொடுத்துப் பார்த்தேன். கீழே கவுன்டரில் "இன்று தெரிவது: பூஜ்யம்" என்று பலகை வைக்கும் நேர்மைகூட அந்த இடத்தில் இல்லை. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. நேரம் குறித்த டிக்கெட்டைப் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் விற்கிறார்கள், ஆனால் அந்தி நேரத்து டிக்கெட்தான் முதலில் தீரும். சூதாட்டம்தான். மழை பெய்து ஓய்ந்த மாலை கிடைத்தால் விடாதீர்கள், காற்று கழுவியிருக்கும்.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் ஆறரை மணிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அன்று அங்கே சூரியன் 6.12க்கு மறைகிறது. பரவாயில்லை, நீல வெளிச்சத்தின் கடைசிப் பகுதி கிடைக்கும், வரிசை சீக்கிரம் நகர்ந்தால். பகலில் நகரத்தைப் பார்க்க முடியாது என்பதால் ஒன்று செய்யுங்கள்: காகித வரைபடம் ஒன்றை வாங்கி, ஆறு, பூங்கா, ரயில் நிலையம், உங்கள் விடுதி நான்கையும் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். செல்பேசி வரைபடம் வேண்டாம், திரை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடங்கள் ஆகும், ஒரு குறுஞ்செய்தி அதைக் கலைத்துவிடும்.

மார்ச் 4

கழிப்பறை மேலே இருக்கிறதா என்று கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் இறங்கினால் மறுபடி ஏற விடமாட்டார்கள். திறந்த தளமென்றால் எல்லோருக்கும் ஸ்வெட்டர், உங்கள் கணவருக்கும் சேர்த்து. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவேன் என்று அதை அறையில் வைத்துவிட்டு வரப்போகிறவர் அவர்தான்.